ஹெல்மெட்டுக்குள் ஒரு கோமேதகம்

உன் ஹெல்மெட்டின் உள்பட்டை என் மேசைமேல் இருக்கிறது. வேலையிடத்தில் மாட்டிக்கொள்வாயே, அந்த ஹெல்மெட்டில் நெற்றியில் படியும் துணிப்பட்டைதான். உன் மனைவி கற்பகம் அதை ஒருமுறை சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டாள். ஆனாலும் முகர்ந்தால் உன் தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை மெலிதாக வருகிறது. பட்டையின் உட்புறத்தில், இரண்டு புருவங்களுக்கும் நடுவில் வரும் இடத்தில், ஒரு சின்னத் தையல். தையலுக்குள் பட்டை தீட்டிய கல் ஒன்று. கல் தோலைத் தொடவேண்டும் என்று துணியில் வட்டமாக ஓட்டை வெட்டியிருக்கிறது.

கல் கோமேதகம். ராகுவுக்கு உகந்தது என்று மோதிரத்தில் கட்டிப் போடுவார்களே, அதுவேதான்.

நீ கோமேதகம் அணிந்தாய் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், ஆள் மாறாட்டம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

உன்னை முதலில் பார்த்த இடம் நினைவிருக்கிறதா? ஒரகடத்தில் புதிதாக வளைத்துப்போட்ட ஒரு பொட்டல். வேலி போட்டு, பெயர்ப்பலகை நட்டு, உள்ளே ஒரு துளைபோடும் எந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நிலம் கொடுத்தவர்களைப் பற்றி எழுத வந்திருந்த என்னை, நீ யாரென்றுகூடக் கேட்காமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். ஆலை எழும்புவதற்கு முன் அடிமண் தாங்குமா என்று துளைபோட்டுப் பார்த்துச் சொல்வது உன் வேலை. பூமிக்குள்ளிருந்து உருவிய மண்ணும் பாறையும் கரும்புத் துண்டுகள் மாதிரி மரப்பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. மேலே செம்மண், அதன்கீழே களிமண், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாகப் பிரியும் ஒரு கல். அதை நகத்தால் பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். உள்ளே ஓர் இலை பதிந்திருந்தது. பெரணி இலையைப்போல, நரம்பு நரம்பாக.

"இன்னா ரிப்போர்ட்டர், பாத்தியா? இங்க லாரி ஃபேக்டரி வரப் போவுது. அடியில காடு கீது," என்றாய்.

அன்று நான் எழுதிய செய்தியில் அந்த இலை இடம்பெறவில்லை. நிலத்தின் விலை மட்டும் வந்தது. மறுநாள் போன் செய்து கெட்ட வார்த்தையில் திட்டினாய். அப்படித்தான் நாம் நண்பர்களானோம்.

அதற்கும் அடியிலிருந்த பாறையை நீ இன்னும் பிரியமாகக் காட்டுவாய். கருத்த பாறை, ஈரம் பட்டால் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். அதிலிருக்கும் நீலப் பொட்டுகளுக்கு லென்ஸைப் பிடித்து, "குவார்ட்ஸ்யா. வெள்ளையா இருக்க வேண்டியது. உள்ள போன சூட்டுல நீலம் பூத்துக்கினுது. எவனும் சாயம் போடல, எந்தச் சாமியும் தொடல," என்பாய். கல்லைப் பற்றிப் பேசினால் சாமியைப் பற்றி ஒரு குத்து இல்லாமல் முடிக்கமாட்டாய்.

படப்பையில் உன் மைத்துனன் வீட்டுப் புதுமனை புகுவிழாவும் மறக்கவில்லை. கற்பகத்தின் பெரியப்பா உனக்கு ராகு தசை நடக்கிறது, கோமேதகம் போடு என்றார். கற்பகமும், "போட்டா இன்னா கெட்டுப் போச்சு? எனக்காகப் போட்டுக்க," என்றாள். நீ பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "பெரியப்பா, கோமேதகம் இன்னான்றீங்க? கார்னெட்டு. தெக்கத்திக் கடக்கரையில செவப்பு மண்ணு கீதே, அதுக்குப் பங்காளி. இதுல சுண்ணாம்பு, அதுல இரும்பு, அவ்ளோதான் வித்தியாசம். அந்த மண்ணத் தண்ணியில கலந்து பீய்ச்சித்தான் நம்ம ஒரகடத்துல இரும்புத் தகடு அறுக்கறான். மூட்டைல வந்தா மண்ணு, மோதிரத்துல வந்தா ராகுவா? எனக்கு ராகு வேணும்னா சொல்லுங்க, ஒரு லோடு எறக்கச் சொல்றேன்."

பந்தியே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார். கற்பகமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

அந்த நீதான் இந்த ஓட்டையை வெட்டினாயா?

போன வருடம், காலையில் வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தாய். மாரடைப்பு என்றார்கள். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரியை எட்டுமுன்பே போய்விட்டாய். உன் அலுவலகத்தார் ஹெல்மெட்டோடு உன் சாமான்களைப் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பிரிக்கக் கற்பகத்துக்கு மனம் வரவில்லை. வருஷ திதி நெருங்கியபோதுதான் பிரித்திருக்கிறாள். பட்டையைத் துவைக்கும்போது விரலில் கல் தட்டியிருக்கிறது.

சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு நான் போனபோது அந்தப் பட்டையை ஒரு தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள். காப்பி கொடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, சாமிக்குன்னு கட்டின கல்லுன்னா கடல்ல விட்டுடணும், இன்னொருத்தர் வெச்சிக்கக் கூடாதுன்றாங்க. பாடம் நடத்தக் காலேஜுக்கு எடுத்துக்கினு போற கல்லுன்னா அவரு பொட்டியிலயே இருக்கட்டும். எதுன்னு சொல்லுங்க," என்றாள். பிறகு குரல் மாறியது. "அவருக்கு நெஞ்சுல ஏதாச்சும் பண்ணிக்கினு இருந்துதா? டாக்டருகிட்ட போவாம கல்லுகிட்ட போய்ட்டாரா? நான் சொன்னப்போ சிரிச்சாரே. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என்கிட்ட மறைக்காதீங்க."

எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று பட்டையை வாங்கிக்கொண்டேன். விசாரிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

சென்னையில் கற்களைச் சோதித்துச் சொல்லும் ஒருவரிடம் காட்டினேன். தையலைப் பிரிக்காமலே, ஓட்டை வழியாக லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "கண்ணாடி இல்ல, நெஜக் கல்லு. உள்ள பாருங்க, வெல்லப்பாகுல தண்ணி ஊத்தினா சுருள் சுருளா ஓடுமே, அப்படி இருக்கா? கோமேதகம்தான். பெரிய வெலை எல்லாம் இல்ல," என்றார். பரிகாரத்துக்காகக் கட்டியதா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கல்லுல தெரியாது சார்," என்றார்.

தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் அவ்வப்போது வகுப்பெடுக்கப் போவாயே, அதற்கென்று நீ வைத்திருந்த சின்னப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு வைத்த குழிகளில் கற்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே நிறத்தில் ஒரு கண்ணாடித் துண்டு, மாணவர்கள் ஏமாறுகிறார்களா என்று பார்க்க. கோமேதகத்தின் குழியில் கண்ணாடி மட்டும் இருந்தது. ஆக, எந்த ஜோசியரும் சொல்லி நீ கடைக்குப் போகவில்லை. பாடம் நடத்தும் கல்லையே எடுத்திருக்கிறாய். அன்று எனக்குப் பெரிய நிம்மதி. வீடு திரும்பும் வழியில், கடைக்காரன் முன்னால் நிற்க வெட்கப்பட்ட ஒருவனும் இதைத்தானே செய்திருப்பான் என்று தோன்றியது. நிம்மதி போய்விட்டது.

தைத்தது நீயில்லை என்பது மட்டும் நிச்சயம். உனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. உன்னோடு துளைபோடும் எந்திரத்தில் வேலை செய்த முத்துராஜைத் தேடிப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஒரகடத்தில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவன். கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடையில் பிடித்தேன். பட்டையைப் பார்த்ததுமே கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"நாந்தான் தைச்சேன் அண்ணாச்சி. சார்தான் தைக்கச் சொன்னாவ."

"எப்போ?"

"சார் இருந்த கடைசித் தீவாளிக்கு, நான் ஊருக்குப் போறதுக்கு முந்தி. ஓட்ட போட்டு, கல்லு நெத்தியில படுற மாதிரி தைலேன்னாவ. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துட்டு. நாங்க எந்திரத்துக்கு எலுமிச்சம்பழம் வெட்டுனாலே, 'எலே, மீதிப் பழத்துக்கு சோடா வாங்கிட்டு வா'ம்பாவ. அவியளா இதுன்னு இருந்துச்சு. என்ன சார் இதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பரிசோதனைடான்னாவ."

நான் பேனாவை எடுக்கவில்லை. "அப்போ சிரிச்சானா?"

முத்துராஜ் யோசித்தான். பஸ்ஸில் ஏற நின்ற ஒருவன் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கையைக் காட்டிவிட்டு மறுபடி யோசித்தான். "சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு அண்ணாச்சி. சாருக்கு மொகமே அப்பிடித்தான?"

நெஞ்சு வலி என்று எப்போதாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றான். ஆனால் அந்தப் பட்டை மாட்டிய பிறகு, வேலையிடத்தில் நிழலில் உட்கார்ந்தாலும் நீ ஹெல்மெட்டைக் கழற்றியதில்லை என்றான். சட்டத்தை மதிக்கும் ஆளாகிவிட்டார் என்று பையன்கள் கேலி செய்தார்களாம்.

பரிசோதனை. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ராகுவைப் பொய்யென்று காட்ட நீ நடத்திய விளையாட்டா, வகுப்பில் சொல்லிச் சிரிக்க? அல்லது மார்பில் ஏதோ அழுத்த, பயந்து, அதற்கு ஒரு கௌரவமான பெயர் வைத்தாயா? விளையாட்டு என்றால் நிழலில்கூட ஏன் கழற்றவில்லை? பயம் என்றால், படப்பைப் பக்கம் நீ பைக்கில் தாண்டிப் போகும் ஆஸ்பத்திரிகளில் ஒன்றில் ஏன் நுழையவில்லை? ஒரு பக்கம் எழுதிவிட்டால் மறுபக்கம் அதை அழிக்கிறது. நான் எழுதிய எந்தச் செய்தியும் என்னை இப்படித் திண்டாட வைத்ததில்லை.

நேற்று கற்பகத்திடம் போய் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். கல் சோதித்தவர், பெட்டியின் காலிக் குழி, முத்துராஜ், அந்த ஒரு சொல், கழற்றாத ஹெல்மெட். 'உனக்காகத்தான் போட்டிருப்பான்மா' என்று ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது. ஆதாரம் இல்லை. சொல்லவில்லை.

முடித்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்ககிட்ட நெஜமாவே சொல்லலியாண்ணா?"

"சத்தியமா சொல்லலம்மா."

"நீங்க வாராவாரம் பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

"ஆமா."

"அப்பவும் சொல்லல."

"சொல்லல."

தலையை ஆட்டினாள். முகத்தில் இத்தனை நாளாக இருந்த ஏதோ ஒன்று இறங்கியதைப் பார்த்தேன். "அப்ப சரி. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே சொல்லல," என்றாள். எழுந்துபோய்க் காப்பி போட்டு வந்தாள். கடலா, பெட்டியா என்று நானாகக் கேட்டேன். "ரெண்டும் வேணாம். உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. நீங்கதான் இன்னும் யோசிச்சிக்கினு இருக்கீங்க," என்றாள்.

அப்படித்தான் இது என் மேசைக்கு வந்தது. அவளுக்கு முடிந்துவிட்டது. அவள் இறக்கி வைத்ததை நான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். வாரம் தவறாமல் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தவன், அந்த ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கல்லைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவன், இதை மட்டும் ஏன் சொல்லவில்லை? நான் சிரிப்பேன் என்று நினைத்தாயா?

சிரித்திருப்பேன். சிரித்து முடித்ததும், என்னடா ஆயிற்று உனக்கு என்று கேட்டிருப்பேன்.