ஆட்டுக் காதும் அப்பாவின் வலது கையும்

வன்னவீக்
மே மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மார்யுனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உயிரோடு, இந்த வீட்டுக் கூரைக்குக் கீழே இருக்கிறோம். எல்லாக் கடிதத்திலும் வருகிற முதல் வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை யோசித்துத்தான் எழுதியிருக்கிறேன். நீயும் மருமகன் ரோரியும் அங்கே சுகமாக இருக்கவேண்டும், உங்கள் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும், நியூசிலாந்துக் குளிர் ஒரு குளிரா என்று சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு திரியாதே. இங்கே தீவில் உருளைக்கிழங்கு நட்டாயிற்று. கொட்டகையில் தொங்குகிற இறைச்சி இந்த வருஷம் நன்றாகக் காய்ந்து நல்ல வாசனையோடு இருக்கிறது, உனக்காக ஒரு தொடையைத் தனியாக மாட்டிவைத்து யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பெரிய ஆட்டுக்கு இரட்டைக் குட்டி. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை நான் எடுத்தாலே அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் போடு என்கிறார். இப்போது அவர் படகுத்துறைக்குப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிடவேண்டும்.

போன மாதம் பேசும்போது நீ ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா. கோடையில் ஓலாவ் திருநாளுக்கு வரும்போது ரோரியை அப்பா கடற்பறவைகள் கூடு கட்டுகிற நெவ் பாறை முனைக்குக் கூட்டிப் போகவேண்டும், நீ சின்ன வயதில் அப்பாவின் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த இடத்தை ரோரியும் பார்க்கவேண்டும் என்றாய். நீ சாதாரணமாகத்தான் கேட்டாய். ஆனால் அன்றிலிருந்து இந்த மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்ப்பதென்ன, பரணிலிருந்து கயிற்றை இறக்கி முழம் முழமாக இழுத்துப் பார்ப்பதென்ன. கடைக்குப் போனால் அங்கே நிற்கிறவர்களிடமெல்லாம், "எம் மருமவனுக்கு ஆடு தெரியும், பாறை தெரியாது, நாந்தான் காட்டணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன், படபடக்காமல் படி. மாசி வாக்கில் ஒரு காலை அப்பா கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவி விழுந்தது. தலைக்குள் சின்ன இரத்தக்குழாய் ஒன்று அடைத்துத் திறந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பேச்சு சரியாகத்தான் இருக்கிறது, நடையும் பரவாயில்லை, ஆனால் வலது கை விரல்களில் உணர்ச்சி திரும்பவில்லை. போன வாரம் அடுப்பில் விரல் பட்டுத் தோல் கருகியது அவருக்குத் தெரியவே இல்லை, வாசனை வந்து நான்தான் ஓடிப்போய் இழுத்தேன். "மார்யுனுக்குச் சொன்னியானா, நான் உங்கூடப் பேசவே மாட்டேன்" என்று குழந்தை மாதிரி மிரட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி மூட முடியாது.

போன வியாழக்கிழமை, மருமகன் வருவதற்குமுன் பாதையை ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தனியாக விட எனக்கு மனசில்லை, நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் பூட்ஸை மாட்டினேன். "நீ வந்து என்ன பண்ணப்போற, பறவைக்குச் சட்டை பின்னப் போறியா" என்று சிரித்தார். போகும்போது வெயில். முனையில் நின்று பார்த்தோம், நீ பார்த்த அதே கடல்தான், கீழே அலை உடைகிறது, சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் மேலே வருகிறது. அந்த இடத்தில் நான் எப்போதுமே விளிம்பைவிட்டுத் தள்ளித்தான் நிற்பேன். நம் கோயில் சுவரில் பெயர் மட்டும் இருந்து மண்ணுக்குள் உடல் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். திரும்பலாம் வாங்க என்று நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே கீழைக்காற்றோடு பனிமூட்டம் ஏறிவிட்டது. என் கை எனக்குத் தெரியவில்லை.

வழக்கப்படி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தோம். நல்ல நேரமாயிற்று, மூட்டம் விலகுகிற மாதிரி இல்லை, அப்பாவுக்குக் குளிரில் தாடை ஆட ஆரம்பித்தது. அப்போதுதான் பக்கத்தில் ஓர் ஆடு செருமியது. உனக்குத் தெரியும், மூட்டத்தில் நம் ஆடு கிடைத்தால் பிழைத்தோம், அதைத் தட்டிவிட்டுப் பின்னாலேயே நடந்தால் கோயிலுக்கு மேலே இருக்கிற பட்டிக்கு வந்துவிடலாம். அடுத்த வீட்டு ஹோக்னியின் ஆடு என்றால் நகரவே கூடாது, அதுகளுக்கு நெவ்வின் விளிம்புக்குக் கீழே இருக்கிற பாறைத் தட்டுதான் வீடு. அப்பா ஊர்ந்துபோய் இடது கையால் கொம்பைப் பிடித்துக்கொண்டு வலது கையால் காதைத் தடவினார். நுனி நேராக வெட்டியிருந்தால் நம்முடையது, பிளந்திருந்தால் ஹோக்னியுடையது. "நம்மளுதுதான்டி, எந்திரி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காது பார்த்துத் தப்பாகச் சொல்லி நான் கேட்டதில்லை, எந்தக் கையால் பார்த்தார் என்று எனக்கு அந்த நேரம் தோன்றவே இல்லை. எழுந்து அவர் கச்சையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முன்னால் ஆடு, அதன் குட்டி, பிறகு அவர், பிறகு நான்.

கொஞ்ச தூரம் போனதும் பறவை எச்சத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. பட்டிப் பக்கம் போகிறவர்களுக்கு அது பின்னால் போகவேண்டிய நாற்றம். நான் யோசிக்கும்போதே காற்று கீழேயிருந்து மேலே வந்து முகவாயில் அடித்தது. மார்யுன், காற்று கீழேயிருந்து வந்தால் கீழே தரை இல்லை. கச்சையை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், அவரும் என் மடிமேல் தொப்பென்று விழுந்தார். "என்னடி கெழவி, நடுவழியில குந்திக்கிட்டே" என்று திட்டினார். கடல் முன்னால கேக்குதுங்க என்றேன். "ஒங் காதுல எப்பவும் கடல்தான்" என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, ஆடு இரண்டடி முன்னால் போய்த் தலையைத் தாழ்த்திக் கீழே இறங்கிவிட்டது. விழவில்லை, நாம் படியிறங்குகிற மாதிரி தன் வீட்டுக்கு இறங்கிப் போனது. குட்டியும் குதித்துப் பின்னாலேயே போயிற்று. அப்பா ஊன்றுகோலை நீட்டித் தட்டிப் பார்த்தார். கோலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அப்புறம் மூட்டம் கலைகிறவரை நாங்கள் அசையவில்லை. கச்சையை விடச் சொன்னார், நான் விடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "காது இருந்துது, எல்ஸ்பா. அது தெரிஞ்சுது. வெட்டு தெரியல" என்றார். நான் அழுதேன், அவரும் அழுதார், சொல்வதில் என்ன வெட்கம். இறங்கி வரும்போது கல்சுவர் ஓரத்தில் ஹோக்னி நின்றுகொண்டு, "என்ன ஹானுஸண்ணே, இந்த வயசுல அண்ணியக் கூட்டிக்கிட்டுத் தேனிலவா" என்றான். உன் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒன் ஆட்டுக்கு வீட்டு வழி தெரியுதான்னு பாத்துட்டு வாரோம், நல்லாத் தெரியுதுப்பா" என்றார். ஹோக்னி விழுந்து விழுந்து சிரித்தான்.

அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையிலேயே பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். ஏங்க, போதாதா என்றேன். "அந்த ஊருக்குப் போனதிலேருந்து அவ எங்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்" என்றார். இப்போது வாசலில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். ரோரியை முன்னால் விட்டு இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கயிறு கையில் இருக்கிறதா நழுவுகிறதா என்று இவருக்கே தெரியாது. நினைக்க நினைக்கப் பயமாக இருக்கிறது, ஒருவருக்காக அல்ல, இரண்டு பேருக்காக.

அதனால் அம்மா சொல்கிறபடி செய். கையைப் பற்றி உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உங்களால் முடியாது என்று நீ அவரிடம் சொன்னால் அன்றைக்கே தனியாக முனைக்குப் போய் நிற்பார். ரோரிக்கு உயரம் என்றால் தலை சுற்றும், ஏணியில் இரண்டாவது படியில் நின்றாலே வியர்த்துவிடும் என்று சொல். அப்பா சிரிப்பார், ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கவைப்பார், கோடை முழுக்க உன் கணவனைப் பாடாய்ப் படுத்துவார். ரோரி கோபித்துக்கொள்ளாமல் தாங்கிக்கொள்ளட்டும், நான் அவருக்குத் தினமும் நல்ல சமையலாகச் செய்து போடுகிறேன். வீட்டு ஜன்னலிலிருந்து நெவ் தெரிகிறது, அங்கிருந்தே அப்பா விரலை நீட்டிக் காட்டட்டும்.

கடவுள் உங்கள் இருவரையும் கடலிலும் கரையிலும் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, வரும்போது பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்து நிற்காதே.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
எல்ஸ்பா

உறை ஒட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். கொட்டகையிலிருந்தே, "மார்யுனுக்கா எழுதுறே, மருமவனுக்கு நல்ல கெட்டி அடி வெச்ச பூட்ஸா வாங்கிட்டு வரச் சொல்லு" என்கிறார். எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாங்காதே.