ஒளுத் தண்ணீர்த் தோட்டம்

அலவத்துகொட
ஹிஜ்ரி 1354, ரஜப் 20

அன்புள்ள முஹைதீன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீங்களும் கைரியா மதினியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். அவர் மௌத்தாகி நான் விதவையாகி இரண்டு மாதமாகிறது. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்க வேண்டிய இத்தா முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அறைக்கும் உள்முற்றத்துக்கும் நடந்து நடந்து எனக்கே அலுத்துவிட்டது.

இத்தா முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாக எழுதியிருந்தீர்கள். கோபிக்காதீர்கள், நான் வரவில்லை. இது வாப்பா எனக்கென்று எழுதித் தந்த வீடு. அவரோடு எட்டு வருஷம் வாழ்ந்ததும் இங்கேதான். தனியாக இருந்து என்ன சாப்பிடுவாய் என்று கேட்டீர்கள். வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் என் சட்டிக்கு என் மண்ணிலிருந்தே ஏதாவது வரும்படி தோட்டம் போடப் போகிறேன்.

இத்தாவில் இருக்கிறவள் ரோட்டுக்குத் தெரியும் தோட்டத்தில் இறங்க முடியாது. ஆனால் ஜன்னலால் பார்க்கலாம். வெயில் எந்த மூலையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குறித்துவருகிறேன். கல்யாணமான வருஷம் நான் எழுதிவைத்த தோட்டக் கொப்பியும் அலுமாரியில் அகப்பட்டது. ஷஃபானில் வீட்டுக்குள் நாற்று, ஷவ்வாலில் வெளியே நடுகை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். இத்தாவும் ஷவ்வால் பிறக்கும் பெருநாளுக்கு முதல் நாள்தான் முடிகிறது. எல்லாம் பொருந்தி வருகிறது.

உங்கள் தங்கச்சி
உம்மு குல்சும்


கொழும்பு
1935 ஒக்டோபர் 30

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உன் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் இது பிடிவாதம் பிடிக்கிற நேரமில்லை. போன வாரம் கண்டியிலிருந்து வந்த ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார்: "நானா கொழும்புல கடை வெச்சிக்கிட்டு, தங்கச்சியத் தனிய வுட்டுட்டீங்களே?" எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கண்டியில் பாக்கு வியாபாரம் செய்யும் தியாகராஜா முதலாளி நம் வீட்டைப் பாக்குக் களஞ்சியத்துக்குக் கேட்டார். மார்ச் மாதக் கடைசியில் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். இங்கே உனக்கு மேல்மாடியில் அறை ஒதுக்கியிருக்கிறோம்.

மதினி பாகல், வெண்டி விதைகள் அனுப்புகிறாள். அதுவரைக்கும் உனக்குப் பொழுது போகட்டும்.

நானா
முஹைதீன்


அலவத்துகொட
ஹிஜ்ரி 1354, நோன்பு 12

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். விதைகள் கிடைத்தன. மதினிக்கு என் ஸலாம். என் வீட்டை என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்தது எனக்குப் பெரிய மனத்தாங்கல். அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

பொழுதுபோக்குக்காக நான் இதைச் செய்யவில்லை. உள்முற்றத்தில் பதினாறு மண்ணெண்ணெய்த் தகரம் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தந்தார். அடியில் ஆணியால் துளை போட்டு, சாம்பலும் மண்ணும் கலந்து நிரப்பினேன். எட்டில் கீரை, நாலில் மிளகாய், மீதியில் புதினாவும் கொத்தமல்லியும். பாகலும் வெண்டியும் சிரட்டைகளில் நாற்றாகின்றன. அடைமழைக்குப் பயந்து எல்லாவற்றையும் தாழ்வாரத்துக்குள் இழுத்துவைத்திருக்கிறேன்.

தண்ணீருக்கும் ஒரு வழி கண்டேன். தொழுகைக்கு முன் கை கால் கழுவி நான் ஒளு எடுக்கும் கல்லைத் தகரங்களின் தலைமாட்டுக்கு மாற்றி, மூங்கிலைப் பிளந்து பீலி வைத்தேன். ஐந்து வேளையும் நான் ஒளு எடுக்க, அந்தத் தண்ணீர் வரிசையாகத் தகரங்களுக்குப் போகிறது. இப்போதெல்லாம் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு எழும்பச் சோம்பல் வந்தால், கீரை காத்திருக்கிறது என்று எழும்பிவிடுகிறேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

தங்கச்சி
உம்மு குல்சும்


அலவத்துகொட
ஹிஜ்ரி 1354, ஹஜ்ஜு மாதம் 5

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். வெளித் தோட்டம் முழுவதும் கருகிவிட்டது.

பெருநாளுக்கு அடுத்த நாள் நடத் தொடங்கினேன். நாலு மாதத்துக்குப் பிறகு மண்ணில் கால் வைத்தபோது அழுதுவிட்டேன். நாற்றுகள் மூன்று வாரம் நன்றாகத்தான் நின்றன. பிறகு மழை இல்லை. கிணற்றில் குடிக்கவும் ஒளு எடுக்கவும் மட்டும்தான் தண்ணீர் இருக்கிறது. நேற்று முதலாளியின் ஆள் கறுப்பையா வீட்டை அளக்க வந்தான். காய்ந்த பந்தலைப் பார்த்துவிட்டு, "என்னாங்கம்மா, பங்குனி வெயிலு வர்ற நேரத்துலயா கொடி நட்டீங்க?" என்று கேட்டான்.

அவன் போன பிறகு கொப்பியை எடுத்து மறுபடி படித்தேன். ஷவ்வால் மாதத்துக் குறிப்பில், "சிங்களப் புத்தாண்டு வெடிச்சத்தம் கேட்ட மறுநாள் பாகல் நட்டேன், அன்றே மழை" என்று எழுதியிருக்கிறேன். சிங்களப் புத்தாண்டு வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. அந்த வருஷம் ஷவ்வால் ஏப்ரலில் வந்தது. இந்த வருஷம் டிசம்பர் கடைசியில் வந்துவிட்டது. நோன்பு ஒரு காலம் மழையிலும் ஒரு காலம் வெயிலிலும் வரும் என்று பிள்ளைப் பருவத்திலேயே தெரிந்தவள் நான். நம் மாதம் வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்துவிடும், மழை நகராது. அது என் மண்டையில் ஏறவில்லை. அவர் இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

தகரங்கள் பதினாறும் பச்சையாகத்தான் நிற்கின்றன. ஒளுத் தண்ணீர் அவற்றைக் காப்பாற்றிவிட்டது. இன்றும் கீரைச் சுண்டல்தான் சாப்பிட்டேன். நான் பிழையாக நட்டேன், திரும்பவும் நடுவேன்.

தங்கச்சி
உம்மு குல்சும்


கொழும்பு
1936 மார்ச் 9

தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். தோட்டம் போனது போகட்டும், மனத்தை விட்டுவிடாதே. 25ஆம் தேதி லொறி வருகிறது. பெட்டிகளைக் கட்டி வை. கதிரை மேசைகளைப் பிறகு பார்ப்போம். கொடுத்த வாக்கை என்னால் மாற்ற முடியாது.

நானா


அலவத்துகொட
1936 மார்ச் 13

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தேதியைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். சந்திக் கடையில் இங்கிலீஷ் கலண்டர் ஒன்று வாங்கி அடுப்படியில் தொங்கவிட்டிருக்கிறேன். தொழுகைக்கும் நோன்புக்கும் நம் பிறை. தோட்டத்துக்கு இனி இது.

ஏப்ரல் மழையோடு பந்தலில் பாகலும் புடலையும், வேலியோரம் மரவள்ளியும் இராசவள்ளியும். ஜூனில் வெண்டி, பயற்றை. ஒக்டோபர் அடைமழையில் கீரைத் தகரங்களை உள்ளே எடுத்துவிடுவேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெளியே எதுவும் நட மாட்டேன். அப்போது கிழங்கைத் தோண்டியும், உள்ளே இருக்கும் கீரையைப் பறித்தும் சமைப்பேன். பந்தலுக்குக் கம்பு நட்டாகிவிட்டது.

லொறி வந்தால் வெறுமனே திரும்பும். வாசலில் நான் நிற்பேன். உங்களை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைக்க எனக்கு விருப்பமில்லை நானா. அதனால் முதலாளிக்கு நீங்களே எழுதிவிடுங்கள். அந்த வாக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது அல்ல.

தங்கச்சி
உம்மு குல்சும்


அலவத்துகொட
1936 ஆகஸ்ட் 20

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மார்ச்சில் லொறி வரவில்லை. உங்கள் கடிதமும் வரவில்லை. ஐந்து மாதமாகத் தபால்காரனைப் பார்த்துப் பார்த்து, இப்போது அவனே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறான்.

ஆஸியா உம்மாவின் மருமகன் கொழும்புக்கு வருகிறார். புடலை நாலு, பாகல் ஒரு கூடை, மிளகாய் கொஞ்சம் கொடுத்துவிடுகிறேன். பாகல் மதினி அனுப்பிய விதையில் மிச்சம் வைத்தது. கோபம் இருந்தால் கோபத்தோடேயே சாப்பிடுங்கள்.

தங்கச்சி
உம்மு குல்சும்


கொழும்பு
1937 ஜனவரி 28

அன்புத் தங்கச்சி உம்மு குல்சுமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மார்ச்சிலேயே முதலாளிக்கு எழுதிவிட்டேன், அந்த வீட்டைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று. அவருக்கு எழுத முடிந்தது, உனக்கு எழுதத்தான் முகம் இல்லாமல் இருந்துவிட்டேன். உன் பாகற்காயை மதினி பால்கறி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "புள்ளக்கி ஒரு வரி எழுதுங்களேன்" என்றாள். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மாதமாகிவிட்டது.

இப்போது வெயில் காலம். போன வருஷம் கருகியது இந்த நேரம்தான். சட்டியில் என்ன இருக்கிறது? வாப்பா இருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வா. கெஞ்சித்தான் கேட்கிறேன். மாடியில் மதினியும் நாலு தகரம் வைத்திருக்கிறாள். ஒன்றும் முளைக்கவில்லை.

நானா
முஹைதீன்


அலவத்துகொட
1937 பெப்ரவரி 6

அன்புள்ள நானாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாலாம் முறை ஆஸியா உம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

சட்டியில் இன்றைக்கு மரவள்ளிக் கிழங்கும் முளைக்கீரையும். நேற்று இராசவள்ளிக் கஞ்சி. ஏப்ரலிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் என் சட்டி வெளியில் கை நீட்டவில்லை.

பெருநாளுக்கு வருகிறேன். மதினிக்கு மிளகாய் நாற்று கொண்டுவருவேன். ஆனால் கொழும்பு மழை கண்டி மழை இல்லை. முதலில் அவர் உங்கள் மாடி ஜன்னலில் இருந்து வெயிலைப் பார்த்துக் குறித்துவைக்கட்டும்.

என் தகரங்களுக்கும் ஏற்பாடு செய்துவிட்டேன். நான் இல்லாத நாட்களில் ஐந்து வேளையும் என் முற்றத்தில் வந்து ஒளு எடுக்க ஆஸியா உம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் முதலாம் தேதி நாற்றுப் போட வேண்டும். அதனால் 27ஆம் தேதி காலை ரயிலில் திரும்பிவிடுவேன். மாடியறையில் எனக்காக அலுமாரி எதையும் ஒழித்துத் தர வேண்டாம். ஒரு பாய் போதும், என் வீட்டிலிருந்து உங்களுக்கு விருந்தாளியாக வருகிறேன்.

தங்கச்சி
உம்மு குல்சும்