போட்டேன் என்று நீதான் சொன்னாய்

நீ உண்மையைச் சொன்னாய்; நான் அதைப் பொய்யாக்கினேன். காலை மாத்திரை போட்டுவிட்டதாக லேபில் நீ சொன்னபோது, உனக்கு ஓர்மை கிடையாது, எதுவும் நினைவில் நிற்காது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னவன் உன் கூடப்பிறந்த நான்தான்.

இன்று காலை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். ஸ்பிரிட் பஞ்சின் வாடை வந்ததும் உன் கை நினைவுக்கு வந்தது. மனநோய்க்கு நீ சாப்பிட்ட மாத்திரை உன் விரல்களை நடுங்க வைத்திருந்தது. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நம்மூர் கொட்டாரத்தில் எடுத்தால் ஊருக்குத் தெரியும் என்று உன்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போவேன். அன்று பஸ்ஸில் நீ சத்தம் போட்டுப் பேசிவிடக் கூடாதே என்று நானே மாத்திரையைக் கொடுத்தேன். கொடுத்ததும் ஆளை அடக்குகிற மாத்திரை அல்ல அது என்பதைப் பிற்பாடு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லேபில், என் மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டுப் பெரியவர் மூத்திரக் குப்பியோடு உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து லேப் பெண் மேசையிலிருந்தே கூவினாள்: "மனநோய் மாத்திரைக்கு டெஸ்ட் ஆருக்கு? காலைல போட்டாச்சா?"

"போட்டேன்" என்றாய்.

ஆமாம் என்றால் ரத்தம் எடுக்கமாட்டாள், பேச்சு நீளும், பெரியவர் என்ன ஏதென்று கேட்பார். "போடல்ல. அவளுக்கு ஓர்மை கிடையாது" என்றேன்.

"நீதானே அண்ணே தந்தே?"

லேப் பெண் உன்னைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டு ஊசியோடு வந்தாள். "கைய ஆட்டாதம்மா."

"நான் ஆட்டல்ல, அதுவா ஆடுது. குத்துமுன்ன ஒரு வாக்கு சொல்லு, போதும்."

சொல்லாமல்தான் குத்தினாள்.

காலையில் போட்ட மாத்திரையால் அளவு கூடுதல் என்று வந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. நோய் திரும்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாய். வீட்டுக்கு வந்தபின் யாரிடமும் எதையும் சொல்வதை விட்டுவிட்டாய். "நான் சொன்னா ஆரு நம்புவா?" என்பாய். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதுதான் உனக்கு வலி இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. அன்றே போய்விட்டாய்.

இன்றும் ஒருவனை அவன் மனைவி கூட்டி வந்திருந்தாள். வேறொரு லேப் பெண், அதே கேள்வியை அவன் தலைக்கு மேலாக மனைவியிடம் கேட்டாள். "அவன்கிட்டயே கேளு மக்கா. பைய கேளு" என்றேன்.

"பாட்டா, ஒங்க வேலயப் பாத்துட்டு இரிங்க" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அவனிடம் கேட்கும்வரை நான் உட்காரவில்லை.

லேபில் இருப்பவர்கள் பக்கத்தில் வந்து, நோயாளியிடமே, பைய, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். குத்துமுன் ஒரு வாக்கு சொல்ல வேண்டும். கை நடுங்கினால் அதட்டாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். நோயாளி ஒன்று, கூட வந்தவன் ஒன்று சொன்னால், ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்கு போன் போட வேண்டும். டாக்டர் அளவைக் குறைக்குமுன் மாத்திரை எப்போது போட்டாய் என்று நோயாளியைக் கேட்க வேண்டும். கூட வந்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான், இப்போது சம்பந்தியாகிவிட்ட அந்தப் பெரியவரிடம் போய், அன்று லேபில் என் தங்கை சொன்னதுதான் உண்மை என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.