அடுப்புக்கு மேலே தொங்கிய கடல் கண்ணாடி

கடலில் கறுத்துப்போய் மலையேறி வரும் என் அண்ணனுக்கு,

நீ போன பிறகு உன்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதினார்கள். உன் படத்தைப் போட்டு, பக்கத்தில் மெழுகுதிரி போட்டு, இரண்டு வரி. நான் மட்டும் எழுதவில்லை. கூடப் பிறந்தவள் இதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை அண்ணே. இரண்டு வருடம் கழித்து, உன்னிடம் சொல்ல இப்போதுதான் ஒரு செய்தி இருக்கிறது. நான் கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டேன்.

நீ நம்பமாட்டாய். கடலுக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் அந்தக் கண்ணாடியை நீ முதன்முதலாக நம் தோட்டத்து லயத்துக்குக் கொண்டுவந்த தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? நிலாவெளிப் பக்கம் கடல் குழம்பி, புறாத்தீவுக்குப் படகு ஓடுவது நின்றுவிட்டால், வெள்ளைக்காரர்களுக்குக் கடலடியைக் காட்டும் உனக்கு லீவு. மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் பெரிய பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, என் முகத்தில் கண்ணாடியை மாட்டி, மூச்சுக்குழாயை வாயில் வைத்து, தலையைப் பிடித்து அமுக்கினாய். மூக்கு கண்ணாடிக்குள்ளேயே இருக்கும், அதற்கு வேலையே இல்லை என்றாய். “வாயால இழு, வாயால விடு. மூக்க மறந்துரு.”

பனிபோலக் குளிர்ந்த தண்ணீர். இரண்டு மூச்சுக்கு மேல் தாங்காமல் எழுந்து ஓடினேன். தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ராசம்மா அக்கா நின்று பார்த்துவிட்டு, “ஏன்டா, பேசினுக்குள்ள மீனா வளக்குற?” என்றாள். நீ சிரிக்காமல் சொன்னாய்: “வெள்ளைக்காரன் ப்ளேன் ஏறி வந்து பாக்குறான் அக்கா. ஒங்களுக்கு சும்மா காட்டுறேன், தலைய உள்ள விடுங்க.” அடுத்த ஆகஸ்ட்டில் உண்மையான கடலைக் காட்டுகிறேன் என்று என்னிடம் சொன்னாய். எத்தனை ஆகஸ்ட்.

நிலாவெளியில் பிடித்த டெங்குக் காய்ச்சல்தான் உன்னைக் கொண்டுபோனது. கடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் அதைச் சொல்லிப் பார். “கடலுதான் எம்புள்ளைய எடுத்துக்கிச்சு” என்பதை விட்டு இன்றுவரை அவர் இறங்கவில்லை. கேட்டுக் கேட்டு, காலேஜ் போய்ப் படித்துவிட்டு வந்த எனக்கும் அதுவே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் கவிக்கு இப்போது ஐந்து வயது. நெஞ்சில் வீஸிங் இருக்கிறது. விறகுப் புகை ஆகாது என்று டொக்டர் சொன்னதால் லயத்தை விட்டு நோர்வூட் டவுனில் ஓர் அறை எடுத்து, காஸ் அடுப்பு வைத்துக்கொண்டு இருக்கிறோம். கீழே தையற்கடை. கவியின் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். அம்மாவைக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். நீ திரும்பி வந்தால் வீடு பூட்டிக்கிடக்கக் கூடாதாம்.

தையல் மிசின் சத்தம் நின்றதும் இந்த அறையில் கேட்பது கவியின் மூச்சுதான். அதில் விசில் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே இருக்கிறேன். முன்பெல்லாம் இப்படிப் பயம் வந்தால் உனக்குப் போன் பண்ணுவேன். நீ முதலில் பேசமாட்டாய், அலைச் சத்தத்தைக் கேட்கவிடுவாய். இப்போது யாருக்குப் பண்ணுவது?

போன ஜூலையில் ஒரு நாள். மழை விட்டிருந்தது. கீழே மழைத்தண்ணீர் ஓடும் கானோரத்தில் தையற்கடைக்காரரின் சின்ன மகன் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். கவி படியிலேயே நின்று அவனிடம் சொல்கிறாள்: “தண்ணிகிட்ட போகாத. செத்துருவ.” கோபமாகக்கூட இல்லை அண்ணே. பாடம் ஒப்பிப்பது மாதிரி, என் குரலிலேயே. கணுக்கால் நனையாத தண்ணீர் அது. அந்தப் பையன் கப்பலை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னிடமிருந்து அவளுக்கும் போய்விட்டது. இவள் இப்படியே வளர்ந்துவிடுவாளா? உன்னைப் பற்றி இவளுக்குத் தெரிந்ததெல்லாம் நீ செத்தது மட்டும்தானா? ஆமைக்குப் பக்கத்தில் நீ மிதக்கிற, நீ அனுப்பிய வீடியோவை என் பழைய போனில் தேடி எடுத்துக் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, “மாமா மொகத்துல என்ன?” என்று கேட்டாள். அவளுக்கு வீஸிங் பம்ப் அடிக்கும்போது வைக்கிற மாஸ்க் மாதிரித்தான், மூச்சு விடுவதற்கு என்றேன். “அப்ப எனக்குத் தெரியும்” என்றாள்.

அடுத்த கிளினிக்கில், இவளைக் கடலுக்குக் கூட்டிப்போகலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். ஆழமாக முங்குவதெல்லாம் கூடாது, மேலாக மிதந்து பார்க்கலாம், பம்பைக் கையோடு வைத்திருங்கள் என்றார். பிறகு சிங்களத்தில், பயம் பிள்ளைக்கா அம்மாவுக்கா என்று கேட்டார்.

உன் கண்ணாடியைக் கேட்கத்தான் லயத்துக்குப் போனேன். உன் பையில் வந்த சாமான்களில் நீந்தப் போடும் வாத்துக்கால் செருப்பை அம்மா படையலில் வேட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். கண்ணாடி மட்டும் சாமிப் படத்துக்கு அருகில் இல்லை, பெட்டிக்குள்ளும் இல்லை. அடுப்புக்கு மேலே, விறகு காயும் பரணில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் நம் வீட்டில் எல்லாம் அங்கேதானே காயும்? என் ஸ்கூல் சப்பாத்து, உன் காற்சட்டை, எல்லாம். கண்ணாடி மஞ்சளாகி, ரப்பர் பட்டை மிளகாய் வற்றல் மாதிரி விறைத்திருந்தது.

“ஏம்மா இங்க வச்சீங்க?”

“பூசணம் புடிக்காதா? அவன் மொகத்துல போட்டதுடி.” எடுத்து முந்தானையால் துடைத்தார். “எதுக்குக் கேக்குற?”

சொன்னேன். அவர் திட்டுவார், அழுவார் என்று பார்த்தேன். அடுப்பில் இரண்டு சுள்ளியைத் தள்ளினார். பிறகு கண்ணாடியை என் மடியில் வைத்து, “புள்ளைய விட்டுட்டு நீ மட்டும் போயிறாத” என்றார். நான் எங்கே போவேன் என்று நினைத்தார் அண்ணே?

கவியின் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவளும் நிலாவெளிக்குப் போக ஹட்டனில் பஸ் ஏறினோம். கண்டிக்குப் பிறகு இரண்டு பேரும் வேர்த்து ஒழுகினோம். நான் என்ன கொண்டுபோயிருந்தேன் தெரியுமா? அவளுக்கு ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை, மழைத்தொப்பி. ஆகஸ்ட் என்றால் நமக்கு வேறு என்ன தெரியும்?

நிலாவெளிக் கரையில், உன்னோடு படகில் வேலை செய்த சுதன் வந்து நின்றான். என்னைப் பார்த்ததும், “மலையண்ணன்ட தங்கச்சியா?” என்றான். அங்கே உனக்கு அதுதான் பேராமே. நீ எங்களிடம் சொல்லவே இல்லை. மலையிலிருந்து வந்து எங்களுக்கே கடலைக் காட்டித் தந்தவர் என்று படகில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு வந்தான். நான் கவியின் லைப் ஜாக்கெட்டை மூன்றாவது தரமும் இறுக்கினேன்.

தீவில் இறங்கிக் கண்ணாடியை எடுத்துத் தலையில் மாட்ட இழுத்தேன். பட்டை பட்டென்று அறுந்தது. சுதன் வாங்கிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். “என்னக்கா, மீனோட சேத்துக் கருவாடு போட்டீங்களா?” என்றான். அவனிடம் நல்ல கண்ணாடிகள் எத்தனையோ இருந்தன. கவிக்கு அளவான சின்னதைப் போட்டுவிட்டு, எனக்கும் ஒன்றை நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். கவியின் மழைத்தொப்பி நாடாவை உருவி, உன் கண்ணாடியின் இரண்டு காதிலும் கட்டினேன். அவன் முடிச்சைச் சரிபார்த்துக் கொடுத்தான்.

நீ பிள்ளைகளுக்கு என்று வைத்திருந்த காற்று வளையத்தை இன்னும் அவன்தான் வைத்திருக்கிறான். கவி அதைப் பிடித்துக்கொண்டாள், அவன் அவளைப் பிடித்துக்கொண்டான். தெரியும் என்று சொன்னவளுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது. பம்ப் மாஸ்க்குக்குள் மூச்சு விட்டுப் பழகிய பிள்ளை, பதறவே இல்லை. முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். குழாய் நுனியில் அவள் மூச்சு போய்வருவது கேட்டது. விசில் இல்லை.

நான் இடுப்பளவுத் தண்ணீரில், மணலில், நின்ற இடத்திலேயே நின்றேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள், குழாயைத் துப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அம்மா, ஒண்ணுமில்ல. மெதுவா. வாயால இழு, வாயால விடு. நா இருக்கேன்ல.”

பம்ப் அடிக்கும்போதெல்லாம் நான் அவளுக்குச் சொல்வது அது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. பயம் மட்டும்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்?

முகத்தை வைத்தேன்.

நீ மூக்கை மறக்கச் சொன்னாய். மறக்க முடியவில்லை அண்ணே. கண்ணாடிக்குள் முழுக்க நம் வீட்டு அடுப்பு. தேயிலைக் கட்டையின் புகை, ரொட்டி சுட்ட வாசம், மழை நாளில் உலராத துணி. கண்ணுக்கு முன்னால் நீலமும் மஞ்சளுமாக மீன்கள் முருகைக்கல் பவளத்தைக் கொத்திக்கொண்டிருந்தன, மூக்கில் நம் லயம். நீ அத்தனை வருடம் இதைப் பார்த்துக்கொண்டு தனியாக மிதந்தபோது உனக்கு எங்கள் வாசம் ஏதாவது இருந்ததா? போனில் அலையைக் கேட்கவிட்டாயே, அது எனக்காகவா, உனக்கு எங்கள் மூச்சுக் கேட்க வேண்டும் என்றா?

முருகைக்கல் சில இடங்களில் வெளுத்துக் கிடக்கிறது. தண்ணீர் சூடானதால் என்கிறான் சுதன். ஓரங்களில் சுண்டுவிரல் அளவுக்குப் புதிதாகத் துளிர்ப்பதையும் காட்டினான். நீ சொல்வாயே, தொடாதே, காலை ஊன்றாதே என்று, நான் ஊன்றவில்லை. கவியின் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். ஒரு சுறாக்குட்டி தூரத்தில் எங்களைச் சட்டை செய்யாமல் போனது. கவி என் கையை நசுக்கினாள், விடவில்லை.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன், கடலுக்குள் நம் அடுப்பு மணத்தது என்று. அவர் வேலையை நிறுத்தினார். “தண்ணிக்குள்ளயுமா?” என்றார். ஆமாம் என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கி, உப்புப் போகக் கழுவி, அதே ஆணியில் மாட்டினார். நான் தடுக்கவில்லை.

சுதன் கொடுத்த புதுப் பட்டை என்னிடம் இருக்கிறது. அதை அடுப்புக்கு மேலே வைக்கமாட்டேன். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஆணியிலிருந்து கண்ணாடியை எடுத்து, பட்டையைப் பூட்டி, உன் கடலுக்குக் கொண்டுவருவேன். ஓரத்தால் கசிந்தாலும் அதைத்தான் போடுவேன். “செத்துருவ” என்ற சொல்லைக் கவிக்கு இனிச் சொல்லமாட்டேன். எனக்குப் பயம் வருகிற நேரத்தில், அவள் சொன்னதுபோல், மெதுவாக, வாயால் இழுத்து வாயால் விடுவேன்.

மூக்கை மட்டும் மறக்கச் சொல்லாதே.

இப்படிக்கு,
மலையண்ணன்ட தங்கச்சி