இருபத்து நான்காவது கிண்ணம்

மார்ச் 3

அன்பு வாலுக்கு,

உன் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிரித்தபோது இங்கே இருந்தவர்கள்: நான், உன் அண்ணன், மாடிவீட்டுத் தையல்காரர், அவர் மனைவி. ஆக நால்வர். சாமி படத்தின் முன் வைத்து எடுத்த பிறகுதான் யார் கையிலும் கொடுத்தேன். உன் அண்ணன் உன் பெயரை மட்டும் மூன்று தடவை வாசித்தார்.

“கண்ணுக்குள்ள போய் என்னம்மா பண்ணுது உங்க நாத்தனார்?” என்று தையல்காரர் கேட்டார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தவள், விடுவேனா? விழித்திரைச் செல்லுக்கு வெளியிலிருந்து ‘பெருகு’ என்று ஒரு சமிக்ஞை வருகிறது, உள்ளே அது புரதத்துக்குப் புரதம் கைமாறிப் போகிறது, அந்த வழியை நீ மருந்தால் அடைத்தாய், செல் பெருகுவது நின்றது என்றேன். சரிதானே?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. இருபத்து நான்கு கிண்ணங்களில் செல் வளர்த்ததாக எழுதியிருக்கிறாய். பட்டியலில் இருபத்து மூன்றுதான் வருகிறது. நான்கு முறை எண்ணிவிட்டேன். ஒன்று எங்கே?

அன்புடன்,
அண்ணி

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. கிண்ணம் விஷயமும்தான். இங்கே ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அந்த ஒன்றில் மட்டும் வழியை அடைத்த பிறகும் செல்கள் பெருகின. என் கைப்பிழையாக இருக்கும் என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மறுபடி செய்து பார்க்க மூன்று மாதம் ஆகும், அப்போது எனக்கு அவசரம். இப்போது சொன்னால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும், பட்டமும் தள்ளிப்போகும். ஆனாலும் திங்களன்று பேராசிரியரிடம் சொல்லப் போகிறேன். அண்ணனிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

உங்கள் வாலு

ஏப்ரல் 2

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்தபோது இருந்தது நான் ஒருத்திதான். அண்ணனிடம் சொல்லவில்லை, நீயே எழுது. அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் ஊரெல்லாம் உன் பெருமை பேசுவார்.

கட்டுரையை வைத்த அதே இடத்தில் இந்தக் கடிதத்தையும் வைத்துக் கும்பிட்டேன். அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குத்தான் எனக்குத் தலை நிமிர்ந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். பெரிய தெருவை அடைத்தால் ஜனங்கள் சந்து வழியாகப் போவதில்லையா? அந்தக் கிண்ணத்தில் சமிக்ஞை வேறு வழி பிடித்துப் போயிருக்குமோ? நான் உளறினால் சிரித்துக்கொள்.

பேராசிரியர் என்ன சொன்னார்? சீக்கிரம் பதில் போடு.

அண்ணி