கற்பூரம் சுட்ட கை

1964 ஐப்பசி, புதன்கிழமை

புருசனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்காகத் துறைமுக வீதியில் எங்கள் மாதர் சங்கம் வைத்திருக்கும் இரண்டு அறைகளுக்குப் பட்டினசபை இனி வாடகை தராது. இன்றைய கூட்டத்தில் முடிவாகிவிட்டது. இப்போது அங்கே இருப்பவள் சல்லி ஊரிலிருந்து வந்த பவளம் ஒருத்திதான்.

"அவளின்ர புருசன் நேற்று அம்மன் கோயிலில எரியிற கற்பூரத்தை உள்ளங்கையால அணைச்சு, இனி அடிக்கமாட்டனெண்டு சத்தியம் பண்ணிட்டான், ரீச்சர். பிறகு என்னத்துக்கு அறை?" என்றார் சபைத் தலைவர். எல்லோரும் தலையாட்டினார்கள். போன வருடமும் அணைத்தவன்தான் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

பின்னேரம் அவன் கூட்டிப்போக வந்தான்.

"அறையும் இல்லையெண்டால் நான் எங்க போறது, ரீச்சர்?" என்றாள் பவளம். பையோடு போனவள், வாசல் படலையடியில் அவன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"கற்பூரம் சுட்டுப் பொங்கிக் கிடக்கு. கொஞ்சம் தேங்காயெண்ணெய் தாங்கோ."

கொடுத்தேன். அவளை அடிக்கிற அந்தக் கைக்கு அவளே ஊதி ஊதிப் பூசிவிட்டாள்.

கொப்புளம் இருக்கும்வரை அந்தக் கையை ஓங்கமாட்டான். அம்மாளே, அது ஆறச் சுணங்கவேண்டும்.