ஹாவ்ரினுக்கு நான் எழுதிய பொருள்

மார்ச் 4, டுலூத்

இன்றும் நாற்பது பெயர்கள். குழந்தைப் பெயர்களுக்கான இணையதளத்தில் எழுதுகிறேன் என்றால் சர்ச்சில் எல்லோரும் உருகுகிறார்கள். வந்து எழுதிப் பார்க்கட்டும்! கடைசியாக ஹாவ்ரின். அரசு வருடாவருடம் வெளியிடும் குழந்தைப் பெயர்ப் பட்டியலில் நாடு முழுவதும் ஏழே பையன்கள். எந்த அகராதியிலும் பூர்வீகம் இல்லை. "பொருள்ங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கக் கூடாது கண்ணு" என்பாள் மேலாளர் லொரெய்ன். எழுதினேன்: பழைய நார்ஸ் மொழி, 'புயலுக்குப் பின்னும் நிற்பவன்'. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

ஜூலை 19

தங்கை பிரிட்டாவுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு கலைந்தன. என்ன பெயர் என்று கேட்டேன். "பொறக்கட்டும்க்கா. முன்னாடியே சொன்னா ஆளாளுக்கு மூஞ்சியச் சுளிப்பீங்க." இங்கே எல்லோரும் மறைப்பதுதான். விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 28

பையன். ஆஸ்பத்திரியில் பிரிட்டா அழுதுகொண்டே சொன்னாள்: "ஹாவ்ரின். புயலுக்கு அப்புறமும் நிக்கிறவன்னு அர்த்தமாம். ரெண்டு போனப்புறம் இவன் நின்னான்ல?"

"அழகா இருக்குடி" என்றேன். என் வாயில் புழு விழ.

செப்டம்பர் 29

சொல்லவில்லை.

நவம்பர் 9

ஞானஸ்நானம். பாஸ்டர் பிரசங்கத்திலேயே அந்தப் பொருளைச் சொன்னார். கேக்கின் மேலும் அதே வரி. பேச வேண்டாமே என்று இரண்டு துண்டு தின்றேன். நானெல்லாம் ஒரு அக்கா!

நவம்பர் 12

தளத்தில் ஹாவ்ரினுக்கு 'பொருள் தெரியவில்லை' என்று மாற்றினேன். மதியத்துக்குள் லொரெய்ன் பழையதையே போட்டுவிட்டாள்.

நவம்பர் 16

சொல்லிவிட்டேன். பிரிட்டா துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை என் மடியில்.

"போன ரெண்டையும் நெனச்சா எழுதின?"

ஆமாம் என்றிருக்கலாம். அவளும் நம்பியிருப்பாள். இன்னொரு பொய்யா?

"இல்லடி. சூப்பு ஆறிட்டு இருந்துச்சு. எதையோ எழுதிட்டு எந்திரிச்சேன்."

குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "நீ கெளம்பு."

டிசம்பர் 1

வேலையை விட்டேன். யாருக்கு என்ன பயன்?

மே 10

அரசின் புதிய பட்டியல் வந்தது. ஹாவ்ரின்: அறுபத்தொன்று. அறுபத்தொரு தொட்டில்களில் என் பொய். பிரிட்டா இன்னும் பேசவில்லை.

ஜூலை 6

பிரிட்டாவிடமிருந்து ஒரு படம். சோபாவைப் பிடித்துக்கொண்டு ஹாவ்ரின் நிற்கிறான், வாயெல்லாம் எச்சில். கீழே ஒரு வரி: "ஞாயித்துக்கெழம சாப்பிட வா. சூப்பு ஆறுறதுக்குள்ள வந்து சேரு."

எந்த முகத்தோடு போவேன்? பத்து மணிக்கே போய்விட வேண்டும்.